ஓடும்போதே கழன்றுபோகும் டிராக்டர் டிரெய்லர்: ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது? கொக்கி முதல் சங்கிலி வரை முழு விளக்கம்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் சாலைகளில் டிராக்டர்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். கரும்பு இல்லாத மாதங்களிலும் ஓய்வு கிடையாது. நெல் மூட்டை, வைக்கோல், செங்கல், ஜல்லி, தண்ணீர் டேங்க் என்று ஏதாவது ஒன்று டிராக்டருக்குப் பின்னால் வந்துகொண்டேதான் இருக்கும்.

இத்தனை டன் பாரத்தையும் டிராக்டரோடு பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய கனத்தில் இருக்கும் ஓர் இரும்புப் பின். அது உருவிக்கொண்டாலோ, உடைந்தாலோ டிரெய்லர் தனியாக ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு ஸ்டீயரிங் கிடையாது, பெரும்பாலும் பிரேக்கும் கிடையாது. இன்ஜின் சத்தத்தில் முன்னால் இருக்கும் டிரைவருக்குச் சில நொடிகள் எதுவுமே தெரியாது. முதலில் தெரிவது பின்னால் பைக்கில் வருபவருக்கும், எதிரே வருபவருக்கும்தான்.

அது எவ்வளவு வேகத்தில் மோதும்? ஒரு சின்னக் கணக்கு. சரக்கோடு சேர்த்து 7 டன் எடையுள்ள டிரெய்லர் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காரை ஏறத்தாழ 17 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்துக்கும் மேலிருந்து கீழே போடுவதற்குச் சமம். "மெதுவாத்தானே போறோம்" என்று சொல்ல முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், இது தடுக்கக்கூடிய விபத்து. தினமும் சில நிமிடம் செலவழித்தால் போதும். எதைப் பார்க்க வேண்டும், எப்படி மாட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இணைப்பில் என்னென்ன இருக்கிறது?

டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் இடத்தில் நான்கு பாகங்கள் இருக்க வேண்டும்.

• டிராக்டர் பக்கம்: டிராபார் எனப்படும் துளையிட்ட கனமான இரும்புப் பட்டை, அல்லது மேல் தகடு, கீழ்த் தகடு என இரண்டு தகடுகள் கொண்ட ஹூக்.

• டிரெய்லர் பக்கம்: முன்னால் நீண்டிருக்கும் இழுவைக் கம்பியும் அதன் நுனியில் இருக்கும் வளையமும். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ, டிரெய்லருக்கு இந்தக் கம்பி அப்படி.

• நடுவில்: வளையத்தையும் தகடுகளையும் கோக்கும் பின். அதன் அடியில், அது மேலே எழும்பி வராமல் தடுக்கும் லாக் பின்.

• கூடவே: முக்கிய இணைப்பு போனாலும் டிரெய்லரை விடாமல் பிடிக்கும் பாதுகாப்புச் சங்கிலி.

முதல் மூன்றும் எல்லா வண்டியிலும் ஏதோ ஒரு வகையில் இருக்கும். நான்காவது பல வண்டிகளில் இருக்கவே இருக்காது.

ஏன் கழன்றுபோகிறது?

"பாரம் தாங்காம பின் உடைஞ்சிடுச்சு" என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பின் தானாக உடைவதற்கு முன்பே பல தவறுகள் நடந்திருக்கும்.

1. லாக் பின் இல்லாதது: பின் நல்ல கனத்தில்தான் இருக்கும். அதன் அடியில் லாக் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது ஒரு கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருப்பார்கள். குண்டும் குழியுமான மண் சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பும். ஏதோ ஒரு குழியில் முழுவதுமாக வெளியே வந்துவிடும்.

2. பின்னுக்குப் பதில் போல்ட், கம்பித் துண்டு: பின் தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த போல்ட்டையோ, கட்டட வேலைக்கு வந்த முறுக்குக் கம்பியின் துண்டையோ சொருகிவிடுவது வழக்கமாகிவிட்டது. போல்ட்டில் மரை வெட்டிய பகுதி வழவழப்பான பகுதியைவிடப் பலவீனமானது. அந்த மரை சரியாகத் தகடும் வளையமும் உரசும் இடத்தில் வந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். கட்டடக் கம்பி கான்கிரீட்டுக்குள் இருந்து இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது, பக்கவாட்டில் விழும் அடிக்காக அல்ல.

3. துளையில் ஆட்டம்: பின்னைவிடத் துளை பெரிதாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் கிளட்ச் விடும்போதும் டிரெய்லர் அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் அடிக்கும். கியர் மாற்றும்போது 'டக் டக்' என்று கேட்கும் சத்தம் அதுதான். ஒவ்வொரு சத்தமும் பின்மேல் விழும் ஒரு சம்மட்டி அடி.

4. ஒற்றைத் தகடு: மேலும் கீழும் தகடு இருந்தால் பின்னுக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் உண்டு. ஒரே தகட்டில் சொருகினால் பின்னின் மறுமுனை அந்தரத்தில் நிற்கும். இழுக்கும்போது அது வளையப் பார்க்கும். வளைந்த பின்னை அடித்து நிமிர்த்தி மறுபடி பயன்படுத்துவது அதைவிட ஆபத்து.

5. அவசர வெல்டிங்: தேய்ந்த வளையத்தின்மேல் வெல்டிங் வைத்துத் 'தடிமன்' ஏற்றுவார்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறிவிடும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கில் விழாது, அதன் ஓரத்தில்தான் விழும். பின்னில் ஒருபோதும் வெல்டிங் வைக்கக் கூடாது. வளையம் தேய்ந்திருந்தால் முழுதாக மாற்றுவதே சரி.

எந்த உயரத்தில் மாட்ட வேண்டும்?

டிரெய்லர் கழல்வதைவிடக் கொடூரமான விபத்து ஒன்று உண்டு. டிராக்டரே முன்பக்கம் தூக்கி டிரைவர்மேல் மல்லாந்து விழுவது. இதற்கும் இணைப்பின் உயரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

டிராக்டர் இழுக்கும்போது அதன் பின் அச்சுதான் மையம். இழுவை அந்த அச்சுக்குக் கீழே இருந்தால் டிராக்டரின் முன்பக்கம் தரையோடு நிற்கும். அச்சுக்கு மேலே இருந்தால், பின்னால் இருக்கும் பாரம் டிராக்டரைப் பின்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். மேட்டில் ஏறும்போதோ, சேற்றில் சிக்கிய டிரெய்லரை இழுக்கும்போதோ ஒன்றிரண்டு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் கிடைக்காது.

அதனால் கலப்பை மாட்டும் மேல் லிங்க்கிலோ, பின் அச்சின் மேலோ சங்கிலி போட்டு எதையும் இழுக்கவே கூடாது. அதற்கென்று கொடுத்திருக்கும் டிராபார் அல்லது ஹூக்கில் மட்டும்தான் மாட்ட வேண்டும். ஹூக்கை ஏற்றி இறக்க வசதி இருந்தால், டிரெய்லரின் தளம் சமமட்டத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். மேட்டில் முன் சக்கரம் தூக்குவது போல் தெரிந்தால் உடனே கிளட்சை மிதியுங்கள். இழுவை நின்றால் சக்கரம் கீழே இறங்கும்.

முன்பாரமா, பின்பாரமா?

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிய பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். ஒற்றை அச்சில் ஓடும் டிரெய்லருக்கும் அதே கணக்குதான்.

பின்பாரம் ஆனால் இழுவைக் கம்பி மேலே எழும்பப் பார்க்கும். டிராக்டரின் பின் சக்கரங்கள் தரைப் பிடிப்பை இழக்கும். லாக் இல்லாத பின் என்றால் வளையத்தோடு சேர்ந்து எழும்பி வெளியே வரவும் வாய்ப்பு உண்டு. முன்பாரம் மிகுந்தால் ஹூக் அழுந்தும், டிராக்டரின் முன் சக்கரங்கள் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகும்.

பாரத்தின் பெரும்பகுதி அச்சின்மேல் இருக்க வேண்டும். அதில் ஒரு சிறு பங்கு மட்டும் முன்பக்கம் ஹூக்கில் தங்க வேண்டும். இதுதான் சரியான அளவு. நான்கு சக்கர டிரெய்லரில் இந்தப் பிரச்சினை குறைவு. காரணம், அதில் முன்னும் பின்னும் அச்சு இருப்பதால் ஹூக்கின்மேல் பாரம் இறங்காது. ஆனாலும் உயரமாக அடுக்கினால் வளைவில் கவிழும் ஆபத்து இரண்டுக்கும் பொது.

இன்னொரு விஷயம். பாரத்தை இறக்கும்போது முன்பக்கத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொண்டே போனால் கடைசியில் அது பின்பாரமாகிவிடும். அந்த நிலையில் பின்னை உருவினால் இழுவைக் கம்பி சட்டென்று மேலே எகிறும். குனிந்து நிற்பவரின் தாடையில்தான் அடி விழும்.

மாட்டும்போது என்ன செய்ய வேண்டும்?

இணைப்பு விபத்துகளில் உயிர் போவது சாலையில் மட்டுமல்ல. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்று "வா… வா… இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டும் உதவியாளர் நசுங்கும் ஆபத்தும் உண்டு. கிளட்சில் இருந்து கால் வழுக்கினால் போதும். அதனால் வரிசை முக்கியம்.

1. சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இழுவைக் கம்பியை ஸ்டாண்டிலோ ஜாக்கியிலோ ஹூக் உயரத்துக்கு நிறுத்துங்கள்.

2. டிராக்டரை நேராகப் பின்னால் எடுங்கள். உதவியாளர் டிரைவரின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது.

3. அருகில் வந்ததும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஆஃப். அதற்குப் பிறகுதான் நடுவில் ஆள் போகலாம்.

4. துளைகள் நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

5. பின்னை எப்போதும் மேலிருந்து கீழே சொருக வேண்டும். கீழிருந்து மேலே சொருகினால் லாக் போன அடுத்த நொடி பின்னும் விழுந்துவிடும்.

6. லாக் பின் போட்டு, கையால் இழுத்துப் பாருங்கள்.

7. பாதுகாப்புச் சங்கிலி, டிப்பர் என்றால் ஹைட்ராலிக் ஹோஸ், விளக்கு வயர் ஆகியவற்றை மாட்டுங்கள்.

8. ஸ்டாண்டைத் தூக்கி, கட்டைகளை எடுங்கள்.

9. பத்தடி மெதுவாக முன்னால் போய் பிரேக் போட்டுப் பாருங்கள். இறங்கிவந்து பின்னையும் லாக்கையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இணைப்பு சரியாக உட்காரவில்லை என்றால் அது பெரும்பாலும் இந்தப் பத்தடியிலேயே தெரிந்துவிடும்.

சங்கிலி: கடைசி நம்பிக்கை

பின் போனாலும் டிரெய்லர் டிராக்டரை விட்டு விலகாமல் இருக்கச் சங்கிலி வேண்டும். ஆனால் ஏதோ ஒரு சங்கிலி போதாது.

• சரக்கோடு சேர்த்து டிரெய்லரின் மொத்த எடையையாவது தாங்கும் சங்கிலியாக இருக்க வேண்டும். நைலான் கயிறு, மாடு கட்டும் சங்கிலி எல்லாம் இதற்கு ஆகாது.

• சங்கிலியைப் பின்னிலேயே மாட்டாதீர்கள். பின் போகும்போது சங்கிலியும் சேர்ந்து போய்விடும். டிராக்டரின் உறுதியான பாகத்தில் தனி இடத்தில் மாட்டுங்கள்.

• இரண்டு சங்கிலி இருந்தால் இழுவைக் கம்பிக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போடுங்கள். பின் கழன்றாலும் கம்பி தரையில் குத்தாமல் தொட்டில் போலத் தாங்கும். கம்பி சாலையில் குத்தினால் டிரெய்லர் குட்டிக்கரணம் போட்டுவிடும்.

• வளைவில் திரும்பும் அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். தரையில் இழுபடும் அளவுக்கு இருக்கக் கூடாது.

பராமரிப்பு: எப்போது எதைப் பார்க்க வேண்டும்?

தினமும்: பின், லாக், சங்கிலி, டயர் காற்று, சக்கர நட்டு, பின் விளக்கு.

வாரம் ஒருமுறை: பின்னை உருவி, மண்ணையும் பழைய கிரீஸையும் துடைத்துவிட்டுப் புதிதாகக் கிரீஸ் வையுங்கள். துடைக்காமல் மேலே மேலே வைத்தால், மணலும் கிரீஸும் கலந்து உப்புத்தாள் போல இரும்பைத் தேய்த்துவிடும். ஹூக்கை டிராக்டரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் அப்போதே முடுக்கிப் பாருங்கள். பின் நன்றாக இருந்து ஹூக்கே கழன்று போன கதையும் உண்டு.

சீசனுக்கு முன்: பின்னின் தேய்மானத்தை அளக்க வேண்டும். இதற்குப் புத்தகம் தேவையில்லை. பின்னின் தலைக்குக் கீழே உரசாத பகுதியையும், வளையம் உரசும் பகுதியையும் வெர்னியர் வைத்து அளந்து ஒப்பிட்டாலே போதும். 30 மில்லிமீட்டர் பின் 27 ஆகத் தேய்ந்திருந்தால், "மூணு மில்லிதானே" என்று தோன்றும். ஆனால் வளையாமல் நிற்கும் அதன் திறனில் கால் பங்குக்கும் மேல் போயிருக்கும். பின் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் அது அல்ல.

வளையத்தின் உள்பக்கம் முட்டை வடிவில் நீண்டிருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் மெல்லிய கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். துருப்பிடித்த ஒரு கோடு பெயின்ட்டை மீறித் தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பட்டறையில் காட்டாமல் லோடு ஏற்றாதீர்கள்.

சாலையில் கவனிக்க வேண்டியது

டிராக்டரில் இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் இருக்கும். வயலில் சட்டென்று திரும்ப அது உதவும். சாலைக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து லாக் செய்துவிட வேண்டும். மறந்துபோய் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் சுழலும். பின்னால் இருக்கும் பாரம் மடங்கி வந்து டிராக்டரையே தள்ளிவிடும்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். நடுவில் மாற்ற முயன்றால் கியர் விழாமல் போகலாம். வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்க வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கரும்பு லோடில் தோகை பின்னால் தொங்கி, சிவப்பு ரிஃப்ளெக்டரையும் விளக்கையும் மறைத்துவிடும். இரவில் பின்னால் வருபவருக்கு அங்கே ஒரு வண்டி இருப்பதே தெரியாது. லோடு ஏற்றி முடித்ததும் பின்னால் போய் நின்று, ரிஃப்ளெக்டர் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கழன்றுவிட்டால் என்ன செய்வது?

சங்கிலியில் தொங்கிக்கொண்டு வருகிறது என்று தெரிந்தால் திடீர் பிரேக் போடாதீர்கள். டிரெய்லர் வந்து முதுகில் மோதும். வேகத்தை மெல்லக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். முழுவதுமாகக் கழன்று பின்னால் உருண்டுவந்தால், அதன் பாதையிலிருந்து டிராக்டரை விலக்குங்கள். ஹாரன் அடித்து மற்றவர்களை எச்சரியுங்கள். உருளும் டிரெய்லரைக் கல் போட்டு நிறுத்த யாரும் ஓடக் கூடாது. யாருக்காவது அடிபட்டால் 108-ஐ அழையுங்கள்.

பைக்கிலோ காரிலோ வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. லோடு டிராக்டரை ஒட்டிப் போகாதீர்கள். மேட்டில் ஏறும் டிரெய்லருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். கழன்றால் அது வருவது உங்களை நோக்கித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிராக்டருக்கு எப்படியோ, டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். பதிவுச் சான்றில் குறிப்பிட்ட எடைக்கு மேல் ஏற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதுதான்.

டிராக்டருக்கு எடுத்த இன்சூரன்ஸில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். சேரவில்லை என்றால் விபத்து நேரத்தில் இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் தலையில் விழ வாய்ப்பு உண்டு.

டிரெய்லர் சரக்கு ஏற்றத்தான், ஆள் ஏற்ற அல்ல. 2022 அக்டோபர் 1-ம் தேதி உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். நம் ஊரிலும் திருவிழாவுக்கும், நடவு வேலைக்கும் டிரெய்லரில் ஆள் ஏற்றுவது நடக்கிறது. இழுவைக் கம்பியின்மேல் உட்கார்ந்துகொண்டு போவது அதைவிட மோசம். அங்கிருந்து தவறி விழுந்தால் அடுத்து ஏறுவது டிரெய்லரின் சக்கரம்தான்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

✔ பின் மேலிருந்து சொருகியிருக்கிறதா?
✔ லாக் பின் கையால் இழுத்தால் வராமல் இருக்கிறதா?
✔ சங்கிலி தனி இடத்தில் மாட்டியிருக்கிறதா?
✔ இரண்டு பிரேக் மிதிகளும் சேர்ந்து லாக் ஆகியிருக்கின்றனவா?
✔ பின்னால் ரிஃப்ளெக்டர் தெரிகிறதா?
✔ டிரெய்லரிலோ இழுவைக் கம்பியிலோ ஆள் யாரும் இல்லையே?

ஐந்துக்கு 'ஆமாம்', கடைசிக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் சாவியைத் திருப்பலாம். டூல் பாக்ஸில் உபரியாக ஒரு பின்னும் நான்கு லாக் பின்களும் போட்டு வையுங்கள். கையில் இருந்தால், அவசரத்தில் போல்ட்டையும் கம்பித் துண்டையும் தேட வேண்டிய நிலை வராது.